நரம்புச் சுருட்டு: காலுறையா, ஊசியா, லேசரா, வெட்டா?

எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் காலில் நரம்புச் சுருட்டு. அம்மாவுக்கு இருந்தது, பெரியண்ணாவுக்கு இருக்கிறது, இப்போது எனக்கும் வந்துவிட்டது. அம்மா எந்த வைத்தியமும் செய்யாமல் கடைசிவரை நடந்து திரிந்தவர். பெரியண்ணாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்: "அம்மா என்ன வெட்டியே எடுத்தவ?"

போன மாசியில் அரிவு வெட்டு முடிந்த கையோடு மல்லாவிக்கு அவரைப் பார்க்கப் போனேன். முற்றத்துக் கதிரையில் இருந்தபடியே சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். முழங்காலின் உள்பக்கத்திலிருந்து கணுக்கால் வரை கயிறு திரித்த மாதிரி ஒரு நீலப் புடைப்பு. அதற்குக் கீழே, உட்கணுவுக்குச் சற்று மேலே, தோல் ஈரப் புகையிலை நிறத்தில் கறுத்து இறுகிப்போயிருந்தது. அதன் நடுவில் இரண்டு ரூபாக் குத்தி அளவில் ஒரு புண். ஐந்து மாதமாக ஆறவில்லையாம். வயலுக்குள் இறங்கும்போதெல்லாம் அதற்கு மேல் பொலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பாண்ட் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

அவருக்காகவும் எனக்காகவும் சேர்த்து அன்றிலிருந்து விசாரிக்கத் தொடங்கினேன். கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். காலுறை போட்டால் போதும் என்றார் ஒருவர். லேசர்தான் இப்ப மருந்து என்றார் கொழும்பில் இருக்கும் மச்சாள். அட்டை விட்டால் கெட்ட இரத்தம் போய்விடும் என்றார் பக்கத்து வீட்டு ஐயா. எல்லாரும் சிகிச்சையைப் பற்றித்தான் பேசினார்கள். காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அம்மாவின் கால், அண்ணாவின் கால், என் கால் மூன்றுக்கும் வருத்தத்தின் பெயர் ஒன்று. ஆனால் மூன்றும் வேறு வேறு படியில் நிற்கிற கால்கள். எந்தப் படி என்று தெரியாமல் எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்பதில் பயனில்லை.

நாங்கள் நரம்பு என்று சொன்னாலும் இது நரம்பு அல்ல, நாளம். காலுக்கு வந்த இரத்தத்தைத் திரும்ப இருதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய். வவுனிக்குளத்துத் துருசைத் திறந்தால் தண்ணீர் தானாகவே பள்ளத்து வயல்களுக்கு ஓடிவிடும். காலில் இருக்கிற இரத்தத்தின் பாடு அதற்கு நேர்மாறு, மேட்டுக்கு ஏற வேண்டும். ஏற்றிவிடும் பம்ப் கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அது இறுகி, உள்ளே ஆழத்தில் இருக்கும் நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது திரும்ப வழுகாமல் நாளத்துக்குள்ளே இடைக்கிடை சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன, ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள். தோலுக்குக் கீழே ஓடும் நாளத்தில் இந்தக் கதவுகள் சரியாகச் சாத்தாமல் விட்டால் இரத்தம் கீழே வழிந்து தேங்கும். தேங்கினால் குழாய் விரியும், விரிந்தால் அடுத்த கதவும் சாத்தாது. அப்படியே படிப்படியாகக் கீழே இறங்கும்.

நடக்கிறவரைவிட நின்றபடி நிற்கிறவருக்கு இது கூடுதலாக வருத்தம் கொடுப்பதும் இதனால்தான். நிற்கும்போது பம்ப் வேலை செய்யாது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் காலையிலிருந்து இருட்டும்வரை கச்சான் விற்கும் ஓர் அக்கா, பின்னேரமானால் செருப்பு வார் காலில் ஏறாது என்று சொல்வார். ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கும் கரும்பலகைக்கு முன்னால் இருபத்தாறு வருடம் நின்ற எனக்கும் அதே கதைதான். பரம்பரை, வயது, உடற்பருமன், பிள்ளைப்பேறு எல்லாம் சேர்ந்துகொள்ளும். பெண்களுக்கு மட்டும் வருவது என்ற நினைப்பும் சரியில்லை. 1999இல் வெளியான எடின்பரோ ஆய்வில், 18 முதல் 64 வயதானவர்களைப் பார்த்தபோது ஆண்களில் 40 வீதத்தினருக்கும் பெண்களில் 32 வீதத்தினருக்கும் இது இருந்தது. ஆண்கள் லோங்ஸுக்குள் மறைத்துக்கொண்டு திரிகிறார்கள், அவ்வளவுதான்.

எந்தப் படியில் நிற்கிறது உங்கள் கால்?

டொக்டர்மார் இதற்குப் பூச்சியத்திலிருந்து ஆறு வரை இலக்கம் போடுகிறார்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய சிவப்பு, நீலக் கோடுகள் மட்டும் என்றால் ஒன்று. மூன்று மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் தடித்துச் சுருண்டால் இரண்டு. பின்னேரம் கணுக்கால் வீங்கினால் மூன்று. தோல் கறுத்து, சொறிந்து, பலகை மாதிரி இறுகினால் நான்கு. புண் வந்து ஆறியிருந்தால் ஐந்து, ஆறாமல் இருந்தால் ஆறு. தோல் கறுப்பதற்குக் காரணம் நாளத்திலிருந்து கசிந்த இரத்தத்தில் உள்ள இரும்பு. அதுவரை பொறுத்திருக்கலாம், அதற்குப் பிறகு பொறுக்கக் கூடாது. இந்தக் கட்டுரை முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்த மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலுள்ள கோட்டை வைத்திருங்கள். அம்மா கடைசிவரை இரண்டில் நின்றார், அதனால் தப்பினார். நான் மூன்று. அண்ணா அந்தக் கோட்டைத் தாண்டி நேரே ஆறில் போய் நின்றார்.

இலக்கம் தெரிந்தபின் ஸ்கான். டொப்ளர் ஸ்கான் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஜெல்லைப் பூசி, நிற்க வைத்து, கெண்டைக்காலைப் பிழிந்து விட்டு, இரத்தம் எத்தனை நேரம் பின்னுக்கு ஓடுகிறது என்று பார்ப்பார்கள். தோலடி நாளத்தில் அரைச் செக்கனுக்கு மேல் பின்னோட்டம் இருந்தால் கதவு பழுது என்று கணக்கு. வலியில்லாத சோதனை. கட்டிலில் படுக்க வைத்து மட்டும் பார்த்து முடித்தால், நின்றும் பார்க்க வேண்டுமா என்று ஒருக்கால் கேட்டுவிடுங்கள்.

வன்னியில் இருக்கும் நாங்கள் இந்த இடத்தில் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இங்கே போரில் காலில் செல் (எறிகணை) துண்டு பட்டவர்கள், எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அப்படிக் கிடந்த காலில் ஆழ நாளம் இரத்தம் கட்டியோ காயத்தாலோ அடைபட்டுப் போயிருக்கலாம். அந்தக் காலில் தோலுக்கு மேலே புடைத்துத் தெரியும் நாளம், அடைபட்ட பெரிய தெருவுக்குப் பக்கத்தில் மக்கள் போட்டுக்கொண்ட ஒழுங்கை மாதிரி. அசிங்கமாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டால் இரத்தத்துக்குப் போக வழியில்லை. இன்னொன்றும் உண்டு. துண்டு பாய்ந்த இடத்தில் நாடியும் (இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) நாளமும் ஒன்றோடொன்று துளைபட்டு ஒட்டியிருந்தால் நாடியின் அமுக்கம் நேரே நாளத்துக்குள் பாய்ந்து அதைப் புடைக்க வைக்கும். கையை வைத்தால் உள்ளே தேனீ இரைவது மாதிரி ஓர் அதிர்வு தெரியும். இது சாதாரண நரம்புச் சுருட்டே அல்ல, வேறு வைத்தியம். ஆகவே ஒரு காலில் மட்டும், அதுவும் காயப்பட்ட காலில் மட்டும் வந்திருந்தால், பழைய காயத்தின் கதையை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். உள்ளே துண்டு இருக்கிறதென்றால் அதையும் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் அந்தக் கதைகளை எழுப்ப விரும்புவதில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

நான் முதலில் போன ஒரு தனியார் இடத்தில் இந்த ஸ்கான் பேச்சே வரவில்லை. ஐந்து நிமிடம் காலைப் பார்த்துவிட்டு, இரண்டு காலுக்கும் லேசர், வியாழக்கிழமை வாருங்கள், இவ்வளவு காசு என்றார்கள். தொகை லட்சங்களில். பிறகு அரசாங்க வைத்தியசாலையில் ஸ்கான் செய்தபோது என் வலது காலில் பழுதே இல்லை என்று தெரிந்தது. நிறம் மட்டும்தான்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதுவும் ஒரு தெரிவுதான், கூச்சப்படத் தேவையில்லை. ஒன்று, இரண்டு என்ற படியில் இருந்து, உளைவும் இல்லை, வீக்கமும் இல்லை என்றால் விட்டுவிடலாம். சுருட்டு வந்த எல்லோருக்கும் புண் வருவதில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது வந்தது என்றால் கட்டாயம் பொறுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் காலுறைக்கு மேல் எதுவும் செய்வதில்லை. பிள்ளை பிறந்து சில மாதங்களில் பெரும்பாலும் தானாக வற்றும்.

ஆனால் ஒன்று. தோலோடு ஒட்டி மெல்லிதாகப் புடைத்த நாளம் சொறிந்தாலோ முள் கீறினாலோ குழாய் உடைந்த மாதிரிச் சீறும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மாவுக்குக் கிணற்றடியில் இப்படி நடந்தது. நான் ஓடிப்போனபோது வாளிக்குப் பக்கத்தில் சீமெந்து முழுக்க இரத்தம். அவரைக் கதிரையில் இருத்தி, முழங்காலுக்கு மேல் சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டக் கட்ட இரத்தம் கூடியதே தவிர நிற்கவில்லை. நாளத்து இரத்தம் கீழிருந்து மேலே போவது. மேலே கட்டினால் கீழே தேங்கி இன்னும் பாயும். கட்டை அவிழ்த்து, நிலத்தில் படுக்க வைத்து, காலைக் கதிரைக்கு மேல் தூக்கி வைத்து, துணியால் அந்த இடத்திலேயே பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தோம். நின்றுவிட்டது. ஒருமுறை இப்படிச் சீறினால் பிறகு 'விட்டுவிடலாம்' என்ற தெரிவு கிடையாது, கிளினிக்குக்குப் போக வேண்டும்.

காலுறை

இறுக்கக் காலுறை கணுக்காலில் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி நெய்தது. கடையில் 'இறுக்கமானது' என்று விற்கும் எல்லாம் இதுவல்ல. பெட்டியில் வகுப்பும் அமுக்க அளவும் எழுதியிருக்க வேண்டும். வகுப்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பிரித்தானிய அளவில் இரண்டாம் வகுப்பு 18 முதல் 24 மில்லிமீற்றர் இரசம், ஜேர்மன் அளவில் அதே இரண்டாம் வகுப்பு 23 முதல் 32. ஒரே இலக்கம், இரண்டு இறுக்கம். அளவு எடுப்பது விடிய, வீங்குவதற்கு முன்னம். போடுவதும் கட்டிலை விட்டு இறங்கும் முன்னமே.

போடுவது ஒரு கலை. முதல்நாள் நான் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டி நகத்தை உடைத்துக்கொண்டேன். பிறகு கிளினிக் மிஸ்தான் காட்டித் தந்தார். கையை உள்ளே விட்டுக் குதிக்காலைப் பிடித்து, குதி வரைக்கும் உட்புறம் வெளியே வரத் திருப்ப வேண்டும். பாதத்தை நுழைத்துக் குதியைச் சரியாகக் குதியில் இருத்திவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே உருட்ட வேண்டும். மேல் விளிம்பை மடித்துவிடக் கூடாது, மடித்தால் அந்த இடமே கயிறு கட்டிய மாதிரி ஆகிவிடும். இரவில் கழற்றலாம்.

உளைவுக்கும் வீக்கத்துக்கும் இது நன்றாகவே கேட்கிறது. எனக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இருந்த இரும்புக்கட்டி கட்டிய பாரம் பாதியாகக் குறைந்தது. ஆனால் பழுதான கதவைக் காலுறை திருத்தாது. கழற்றினால் பழைய கதை. பிரித்தானியாவில் டொக்டர்மாருக்குச் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் நைஸ் (NICE) நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளத்தை மூடும் சிகிச்சை பொருந்துகிறவர்களுக்குக் காலுறையை மட்டும் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த வழிகாட்டியை எழுதியவர்கள் சித்திரை வெயிலில் கிளிநொச்சியில் காலுறை போட்டுப் பார்த்தவர்களும் அல்ல. அரிப்பு, வியர்வை, ஆறேழு மாதத்தில் இழுவை போய்ப் புதிது வாங்கும் செலவு எல்லாம் இருக்கிறது. சேற்று வேலைக்கு அது சரிவராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீரிழிவுக்காரருக்கும் புகைப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை. நாடியில் அடைப்பு இருக்கிற காலை இறுக்கினால் விரல் கறுத்துப்போகும் அளவுக்குக் கேடு வரலாம். முதலில் கணுக்கால் பிரஷரையும் கைப் பிரஷரையும் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். கணுக்காலினது கையினதில் 0.8 பங்குக்குக் கீழே என்றால் கவனம், 0.5க்குக் கீழே என்றால் இறுக்கவே கூடாது.

எண்ணெய், இலைப்பத்து, அட்டை

சித்த வைத்தியத்தை நான் இளக்காரமாகப் பார்ப்பவள் அல்ல. எங்கள் வீட்டில் நோவெண்ணெய் இல்லாத நாள் கிடையாது. மெதுவாகக் கீழிருந்து மேலே தடவினால் கால் இதமாகத்தான் இருக்கிறது. அட்டை விட்டால் வீக்கம் வற்றியது என்று சொல்பவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் தேங்குவது 'கெட்ட இரத்தம்' அல்ல, வழி தவறி நிற்கும் நல்ல இரத்தம்தான். அட்டை அதைக் கொஞ்சம் குடிக்கும், கதவு பழுதாகவே இருக்கும், நாளை திரும்பத் தேங்கும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர், நீரிழிவுக்காரர், புண் உள்ளவர் அட்டையிடம் போகவே வேண்டாம். நாளம் திடீரென்று கயிறுபோல் இறுகிச் சிவந்து நொந்தால் அதை உருவி விடவும் கூடாது, உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். கால் முழுவதும் ஒரே நாளில் வீங்கினால் எண்ணெயைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரி.

புண்ணுக்கு இலை அரைத்துப் பத்துப் போடுவது மட்டும் எனக்குப் பிடிக்காது. அண்ணா அதையும் செய்து பார்த்தார். சுற்றியிருந்த தோலும் வெந்து புண் பெருத்ததுதான் மிச்சம்.

நாளத்தை மூடும் வழிகள்

இனி உண்மையான சிகிச்சைகள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பழுதான நாளத்தை மூடிவிட வேண்டும் அல்லது எடுத்துவிட வேண்டும். "நரம்பை எடுத்தால் பிறகு இரத்தம் எதாலே போறது?" என்று அண்ணா கேட்டார். காலின் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழ நாளத்தால்தான் போகிறது. தோலடி நாளம் போனால் கால் கவலைப்படாது. அதற்காகத்தான் ஆழ நாளம் திறந்திருக்கிறதா என்று முதலில் ஸ்கானில் பார்ப்பது.

பழையது வெட்டு. முள்ளந்தண்டில் ஊசி போட்டோ முழுதாக மயக்கியோ, கவட்டில் சின்னதாக வெட்டி நாளத்தை ஆழ நாளத்தோடு சேரும் இடத்தில் கட்டி, உள்ளே கம்பி விட்டு முழங்கால் வரை உருவி எடுப்பார்கள். சுருண்ட கிளைகளைச் சின்னத் துளைகள் வழியாகக் கொக்கி போட்டு எடுப்பார்கள். தொடை நீலம் பாரிக்கும், வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று கிழமை பிடிக்கும், சிலருக்குக் கெண்டைக்காலில் ஓர் இடம் விறைத்தமாதிரி இருக்கும். இலங்கையில் இதற்கு அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை. பொதுச் சத்திரசிகிச்சை நிபுணரே செய்கிறார். காத்திருக்கும் பட்டியல்தான் விலை.

லேசரும் ரேடியோ அலையும் அண்ணன் தம்பி. முழங்காலடியில் ஊசித் துளையால் மெல்லிய இழையை ஸ்கானைப் பார்த்தபடி கவடு வரை ஏற்றி, நாளத்தைச் சுற்றி விறைப்பு மருந்து கலந்த நீரை நிறையப் பாய்ச்சி, உள்ளிருந்து சூடேற்றி மூடிக்கொண்டு வருவார்கள். ரேடியோ முறையில் 120 பாகை வெப்பம், ஒரு துண்டுக்கு 20 செக்கன். முழு மயக்கம் வேண்டியதில்லை, அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம், சில நாட்களில் வேலைக்கும் போகலாம். நைஸ் வழிகாட்டி முதலிடம் கொடுப்பது இதற்குத்தான், அடுத்தது நுரை, கடைசியாகத்தான் வெட்டு. எனக்குக் காசும் இருந்து பக்கத்தில் வசதியும் இருந்தால் நானும் இதைத்தான் எடுப்பேன்.

நுரை ஊசி பார்க்க வேடிக்கையானது. மருந்து ஒரு சிரிஞ்சில், காற்று ஒரு சிரிஞ்சில், நடுவில் ஒரு குழாய்த் திருகு. இரண்டையும் மாறி மாறி அமுக்கினால் ஷேவிங் நுரை மாதிரி வரும். அதை நாளத்துக்குள் ஏற்றினால் உள்சுவர் வெந்து ஒட்டிக்கொள்ளும். வெட்டும் இல்லை, சூடும் இல்லை. வயதானவர்களுக்கும், வெட்டிய பிறகு திரும்ப முளைத்த கிளைகளுக்கும் நல்லது. தோலில் தவிட்டு நிறக் கோடு மாதக்கணக்கில் நிற்கலாம், இரண்டு மூன்று தடவை போட வேண்டியும் வரலாம். இருதயத்தில் ஓட்டை இருப்பவர், ஒற்றைத் தலையிடிக்காரர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பசை வைத்து ஒட்டும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது. விலை எங்களுக்கு எட்டாது, விட்டுவிடுவோம்.

'வெட்டு பழசு, லேசர்தான் இப்ப' என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் வெட்டு, லேசர், நுரை மூன்றையும் 798 பேரில் ஒப்பிட்ட கிளாஸ் (CLASS) ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2019இல் வந்தது. சுருட்டினால் வரும் அன்றாடக் கரைச்சலை வைத்துக் கேட்டபோது, லேசர் செய்தவர்களும் வெட்டியவர்களும் நுரைக்காரரைவிட நன்றாக இருந்தார்கள். ஆக, லேசருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு படுக்கை நாட்களைக் குறைக்கக் கொடுப்பது. படுக்க நாள் இருக்கிறவர் வெட்டிக்கொண்டால் நட்டம் பெரிதாக இல்லை. திரும்ப வரும் வாய்ப்பு எல்லா முறையிலும் உண்டு. 'இனி வரவே வராது' என்று யாராவது உத்தரவாதம் தந்தால் அவரிடம் செய்ய வேண்டாம்.

நாள் பார்ப்பது

நாள் பார்ப்பது என்று நான் சொல்வது பஞ்சாங்கத்தை அல்ல. காலபோக விதைப்பு தொடங்கினால் அரிவு வெட்டு முடியும்வரை இங்கே யாருக்கும் கால் சொந்தமில்லை. எனக்குப் பள்ளி விடுமுறையான சித்திரை, ஆவணி, மார்கழி தவிர வேறு நாள் இல்லை. கச்சான் அக்காவுக்கு ஒரு நாள் கடை பூட்டினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவருக்கு மூன்று கிழமை படுக்கும் வெட்டு இலவசமாகக் கிடைத்தாலும் இலவசம் இல்லை. அவருடைய படி இரண்டு. நான் அவருக்குச் சொன்னது: ஒரு சோடி நல்ல காலுறை, ஒரு முக்காலி, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பத்துத் தரம் குதியைத் தூக்கி இறக்குவது. முக்காலி வாங்கிவிட்டார். காலுறைக்குச் சிரித்தார்.

தூரமும் கணக்கு. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். சிகிச்சை முடிந்த காலோடு பஸ்ஸில் மடக்கிக்கொண்டு இருந்தால் ஆழ நாளத்தில் இரத்தம் கட்டும் ஆபத்து இருக்கிறது. வான் பிடித்து இடையில் இரண்டு தரமாவது இறங்கி நடக்க வேண்டும். திரும்பக் காட்டும் நாட்களுக்கும் யார் கூட்டிப்போவது என்று முதலே யோசியுங்கள். எந்த வைத்தியசாலையில் எந்த முறை செய்கிறார்கள் என்பதை உங்கள் மாவட்ட வைத்தியசாலைச் சத்திரசிகிச்சைக் கிளினிக்கிலேயே கேளுங்கள். வெளியே கேட்டால் ஆளுக்கொரு கதை.

அண்ணாவின் விஷயத்தில் யோசிக்க அதிகம் இருக்கவில்லை. ஆறாவது படி. இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத கால் புண்ணை நிபுணர் பார்த்தாக வேண்டும். வருடக்கணக்கில் ஆறாத புண்ணில் புற்றுநோய் ஒளிந்திருப்பதும் உண்டு. அதோடு திறந்த புண்ணோடு வயல் தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சலுக்கு வாசலைத் திறந்து வைப்பது. வயல் வேலைக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கும் டொக்சிசைக்ளின் குளிசையையும் அவர் எடுக்கவில்லை. முன்பெல்லாம் புண் ஆறட்டும், பிறகு நாளத்தைப் பார்ப்போம் என்பார்கள். 2018இல் இங்கிலாந்தில் 450 பேரில் செய்த ஆய்வு அந்த வழக்கத்தைத் திருப்பிப் போட்டது. கட்டுப் போடுவதோடு நாளத்தையும் உடனே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது, கட்டோடு மட்டும் காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் பிடித்தது. அண்ணாவிடம் இதைச் சொன்னேன். "இருபத்தாறு நாள் எண்டால் ஒரு களையெடுப்பு" என்றார். கணக்கு அவருக்குப் புரியும் மொழியில் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் நாடி அமுக்கம் பார்த்தார்கள், சரி. ஸ்கானில் ஆழ நாளம் திறந்திருந்தது. கிழமைக்கு இரண்டு தரம் கட்டு மாற்றினார்கள். பாதவிரலடியிலிருந்து முழங்கால் வரை படைபடையாகச் சுற்றும் இறுக்கக் கட்டு அது. இரவில் கட்டில் கால்மாட்டுக்குக் கீழே செங்கல் வைத்தோம். லேசருக்குக் காசு சேர்க்கலாம் என்று வெளிநாட்டில் இருக்கும் சின்னண்ணா சொன்னார். பெரியண்ணா மறுத்துவிட்டார். சிறுபோகம் செய்யாத வருடம், படுக்க நாள் இருக்கிறது, வெட்டினால் போச்சு என்றார். கிடைத்த திகதியையும் தள்ளிப்போடச் சொன்னார், வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடியாமல் முடியாதாம். சத்திரசிகிச்சை நிபுணர் சிரித்துவிட்டு ஆனியில் திகதி போட்டார். மறுநாளே எழுப்பி நடக்க வைத்தார்கள். ஆடி முடிவதற்குள் புண் மூடிவிட்டது. கறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, அது போகாது.

நான் இன்னும் காலுறையோடுதான். இடது காலில் பின்னோட்டம் இருக்கிறது, வீக்கம் பின்னேரத்தில் மட்டும், தோல் சுத்தம். மார்கழி விடுமுறைக்குப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் கணுவுக்கு மேலே ஒரு பொட்டுக் கறுப்பு கண்டாலும் விடுமுறையைப் பார்க்க மாட்டேன்.

போன கிழமை விடியவே அண்ணாவின் அழைப்பு வந்தது. விதைப்புக்கு முன்னம் வரம்பு கட்டப் போகிறாராம், முழங்கால் வரை றபர் பூட்ஸ் வாங்கியாயிற்று. அதில் பிரச்சினை இல்லை.

"தங்கச்சி, உந்தக் காலுறையை எந்தப் பக்கம் திருப்பிப் போடுறது? அரை மணித்தியாலமாச் சண்டை பிடிக்கிறன், குதி முன்னுக்கு வந்து நிக்குது."